வல்லியின் கையும் சைக்கிளின் தலையெழுத்தும்

"யாரு விழுந்தது?"

பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் நர்ஸ் கேட்டதும் விசாலம் சட்டென்று மகளை முன்னால் தள்ளினாள். வல்லிக்குப் பத்து வயது. மணிக்கட்டு பூரி மாதிரி உப்பியிருந்தது.

"சைக்கிள்ல இருந்து," என்ற விசாலம், தன் இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

கணவன் ராமு பெஞ்சில் ஒரு பக்கமாக, மெல்ல உட்கார்ந்தான். ஆபீஸ் படியில் வழுக்கிவிட்டதாம். ஒரு வாரமாக அப்படித்தான் உட்காருகிறான்.

"வாங்கும்போதே சொன்னேன்ல? எலும்பு மட்டும் ஒடைஞ்சிருந்துச்சுன்னா, அந்தச் சைக்கிள் நாளைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போகும்!" என்றான்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை, எக்ஸ்ரே எடுக்கிற இடம் மூடியாச்சு. ஸ்கேன்லயே பாத்துடலாம்," என்று டாக்டர் குணபூசணி ஒரு மெஷினைக் கட்டிலருகே உருட்டி வந்தார்.

ராமு பதறி எழுந்தான். "டாக்டர், அது பிள்ளைத்தாச்சிங்களுக்குப் பாக்குறதாச்சே! இவ ஸ்டாண்டர்ட் ஃபோர் படிக்கிற பிள்ளை லா!"

"எலும்பும் தெரியும் லா. உக்காருங்க."

டாக்டர் தடவ எடுத்த ஜெல்லைப் பார்த்ததும் வல்லி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "ஷாக் அடிக்கும்!"

"அடிக்காதும்மா. அப்பாவுக்கு வச்சுக் காட்டுறேன், பாரு."

ராமுவின் மணிக்கட்டில் கருவியை வைத்ததும் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று நேராக ஓடியது.

"இதுதான் அப்பா எலும்பு. கோடு நேரா இருந்தா ஒடையல."

"ஷாக் அடிச்சாலும் அப்பா சொல்ல மாட்டாரு. அம்மாவுக்கு வைங்க."

விசாலம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "எனக்கு எதுக்கு?"

"பிள்ளை கேக்குது, கையக் குடேன்!" ராமு தலைப்புக்குள் இருந்த கையைப் பிடித்து இழுத்தான்.

விசாலம் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்த கைக்குழந்தைகள் எல்லாம் வீறிட்டன.

டாக்டர் அந்தக் கையில் கருவியை மெதுவாக வைத்துப் பார்த்தார். கோடு பாதியில் படி இறங்கியிருந்தது. பிறகு வல்லியின் கை. நேர்கோடு.

"பிள்ளைக்கு வெறும் வீக்கம். ஒடைஞ்சது உங்க கைதான்."

"உனக்கெப்படி ஒடைஞ்சது?" என்றான் ராமு.

"தோசைக்கல்லு… கனமா இருந்துச்சு."

"காலையில பசியாற கடையில ரொட்டி சானாய்தானே வாங்கிட்டு வந்தேன்?"

டாக்டர் வல்லியிடம் குனிந்தார். "சைக்கிள்ல இருந்தது யாரும்மா?"

"அம்மா. நான் பின்னால சீட்டப் புடிச்சிட்டு ஓடி, நடுவுல விட்டேன். அம்மாவப் புடிக்கப் போயி நானும் விழுந்துட்டேன். நான்தான் சொல்லிக்குடுக்குறேன். பிரேக் மட்டும் இன்னும் சொல்லிக்குடுக்கல."

"அப்படியா சேதி! நாளைக்கே இரும்புக் கடை!" என்றான் ராமு.

விசாலத்துக்குக் கண் கலங்கியது. இன்றுதான் முதன்முதலாக மாமரம் வரைக்கும் தானாகவே ஓட்டிப் போயிருந்தாள். மாமரத்தைத் தாண்டத்தான் முடியவில்லை.

"ஏன்ப்பா கோவப்படுறீங்க?" என்றாள் வல்லி. "போன வாரம் நீங்களும் பிரேக் பாடத்துக்கு முந்திதானே விழுந்தீங்க?"

ராமு கார்ச் சாவியை எடுத்தான். இரும்புக் கடைப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே வெளியேறினான்.