பிளேட்லெட் அண்ணனின் பிள்ளைகள்

திருவாரூரில் ஊரார் ரத்தத்தையெல்லாம் தன் ரத்தமாக நினைத்து வாழ்ந்த ஒரே மனிதர் பிளேட்லெட் அண்ணன்தான். என் சைக்கிள் கடைக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை லேப் அவருடையது. டெங்கு காலத்தில் யாருக்காவது தட்டணு என்கிற பிளேட்லெட் ஏறிவிட்டால், சொந்த மகன் ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்ததுபோலத் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுப்பார்.

ஒருமுறை சைக்கிள் செயின் என் விரலைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்தாலே எனக்கு உயிர் போய்விடும். கட்டுப் போடத்தான் அண்ணன் ஓடிவருகிறார் என்று நினைத்தேன். அவரோ துடைக்கவும் விடாமல் விரலைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் வேடிக்கை பார்த்தார்.

"நம்ம தட்டணுப் பசங்க வேலை பாக்குறாங்க, பாருங்க தம்பி. எப்படி ஓடியாந்து அடைக்கிறானுங்க."

அப்படிப்பட்டவர் ஒரு தை மாதம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். சம்பா அறுவடை நேரம். வைக்கோல் டிராக்டர் கிளப்பும் தூசியில் என் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்துமாவில் தட்டணுக்களுக்கும் பங்கு உண்டு என்று ஒரு டாக்டர் அவரிடம் சொல்லிவிட்டாராம். நெஞ்சுக்குள் தூசி போனதும் அவையும் உசுப்பேறி, வெள்ளணுக்களோடு ஒட்டிக்கொண்டு, என்னென்னவோ கசியவிட்டு, மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கக் காரணமாகுமாம். அடிதடியில் மாட்டிய பிள்ளையின் தகப்பன் மாதிரி தலைகுனிந்து நின்றார்.

"நம்ம பசங்களும் அந்தக் கூட்டத்துல இருக்கானுங்க. மன்னிச்சுக்குங்க தம்பி."

நான் எட்டாவதோடு நின்றவன். பயப்பட அந்தப் படிப்பே தாராளம். பாதி ரத்தத்தை எடுத்துவிடுங்கள் அண்ணே என்று கையை நீட்டினேன்.

"எண்ணிக்கை இல்ல தம்பி, அவனுங்க கோவம்தான் வம்பு. டாக்டர் குடுத்த இன்ஹேலர் எங்க?"

பழகிவிடும் என்று பயந்து அதை டியூப் டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்தேன்.

மறுநாளே ஒரு வைக்கோல் வண்டி கடை வாசலில் சிக்கிக்கொண்டு நின்றது. உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. பேச்சும் வரவில்லை. ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார் அண்ணன். விரலால் டப்பாவைக் காட்டினேன். திட்டவில்லை, என்னை நிமிர்த்தி உட்காரவைத்து மருந்தைக் கொடுத்தார்.

"மெதுவா இழுங்க... பிடிங்க... இப்ப விடுங்க. நான் இருக்கேன்ல."

மூச்சு சீராகும்வரை என் முதுகில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. அன்றிலிருந்து இன்ஹேலர் என் சட்டைப்பையில்தான்.

இப்போது அவர் மகளோடு மயிலாடுதுறையில் இருக்கிறார். அறுவடை தொடங்கிவிட்டால் தினமும் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"பேசாதீங்க தம்பி. மூச்சை மட்டும் விடுங்க, கேக்குறேன்."

விட்டுக் காட்டுவேன். விசில் இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் போனை வைப்பதில்லை. நானும் வைப்பதில்லை.