தலைவர் முகமும் காத்தாடி அண்ணாச்சியும்

எங்கள் லாரி உரிமையாளர் சங்கத்தின் தலைவர் பொய் சொன்னார். நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வேட்டி மடிப்புக் கலையாமல் பொய் சொன்னார். அந்தப் பொய்யால் ஒரு நல்ல வேலைக்காரர் ஊருக்குள் தலை குனிந்து திரிந்து செத்துப்போனார்.

செத்தவரின் சொந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. காத்தாடி அண்ணாச்சி என்றால் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ரோட்டில் படுத்திருக்கிற மாட்டுக்குக்கூடத் தெரியும். காற்றுக்கு வழி விடச் சொல்லி ஊரோடு சண்டை போட்டவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

டீக்கடை ஜன்னலை மறைத்து யாராவது உட்கார்ந்தால் போச்சு. "ஏலே, முதுகா அது, கல்யாண மண்டபக் கதவா? உள்ள இருக்கவன் மூச்சு விடணுமா வேண்டாமா?" என்று எழுப்பிவிடுவார். ஒரு துக்க வீட்டில் குளிர்பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். மாலையைப் போட்டார், கும்பிட்டார், குனிந்து பெட்டிக்குப் பின்னால் பார்த்தார். "இப்படி வச்சா சூட்ட எங்க தள்ளும்? ஒரு முழம் முன்னால இழுங்க" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தி, ஆளோடு சேர்த்துப் பெட்டியை இழுத்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுதார்கள்.

அவர் வேலையே அதுதான். பழைய லாரியில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற ஃபேன் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும். காலைக் குளிரில் தேவையில்லாமல் சுற்றி டீசலைத் தின்னும். லோடோடு ஊர்ந்து போகிற நேரத்தில் இன்ஜின் கொதிக்கும், ஃபேன் மெதுவாகச் சுற்றும். அண்ணாச்சி அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஏசி பஸ் கூரையிலிருந்து எடுத்த இரண்டு கரண்ட் ஃபேன்களை மாட்டுவார். தண்ணீர் சூடானால் தானே ஓடும், ஆறினால் தானே நிற்கும். எல்லா வண்டிக்கும் செய்ய மாட்டார். பெரிய வண்டியைக் கொண்டுவந்தால், "இதுக்கு இந்தக் காத்து பத்தாது, கெளம்பு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். ஆறு சக்கரப் பழசுக்கு மட்டும்தான்.

என் வண்டி அப்படி ஒரு பழசு. வத்திராயிருப்பில் தேங்காய் ஏற்றிக் கேரளத்துக்குப் போவேன். செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி விடும். மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் இருந்த அண்ணாச்சியின் ஷெட்டில் கொண்டுபோய் விட்டேன். மூன்று நாள் வேலை. முடித்ததும், ஃபேனை ஓடவிட்டு, பேண்டேஜ் துணியில் ஒரு துண்டு கிழித்து ரேடியேட்டர் முன்னால் பிடித்து, கையை எடுத்தார். துணி கீழே விழாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தியா? இழுக்கு. இப்ப சத்தியம் பண்ணு."

"என்ன சத்தியம் அண்ணாச்சி?"

"முன்னால எதையும் கட்ட மாட்டேன்னு. மால கூடாது, சாக்கு கூடாது, வாழக்கன்னு கூடாது. இது வண்டிக்கு மூக்கு."

சத்தியம் வாங்காமல் சாவி தரமாட்டார். ஆயுத பூஜை அன்று கத்தரிக்கோலோடு சைக்கிளில் கிளம்பி, தான் வேலை செய்த வண்டியில் எல்லாம் முன்பக்க மாலையை வெட்டிக்கொண்டே போவார். ஒரு வருடம் என் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "சாமிக்குப் போட்ட மாலைய வெட்டுதியளே, நல்லா இருப்பியளா?"

"சாமிக்கு நெத்தியில போடு தாயி. மூக்க ஏன் அடைக்க?"

இப்போது தலைவருக்கு வருகிறேன். அவருடைய பழைய வண்டி ஒன்றுக்கும் அண்ணாச்சி ஃபேன் மாட்டியிருந்தார். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு அவர் சங்கத் தலைவரானார். மறுநாளே கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி தன் படம் போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தார். அதை வண்டியின் முகப்பில், ரேடியேட்டருக்கு நேராகக் கட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர் டீசல் பங்கில் காலை எட்டு மணிக்கு இது நடந்தது. எனக்கு எப்படித் தெரியும்? ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தவனே நான்தான். சத்தியம் செய்த அதே கை. "ஒரு நாளைக்குத்தானே" என்று நினைத்தேன். "சூப்பரா இருக்கு தலைவரே" என்று வேறு சொன்னேன்.

அன்று மதியம் மலையில் அந்த வண்டியின் இன்ஜின் கொதித்து, இறுகிப் பிடித்து நின்றது. பேண்டேஜ் துணி ஒட்டிய மாதிரி தலைவர் முகம் ரேடியேட்டரில் ஒட்டியிருக்கும். மெக்கானிக் வருவதற்குள் டிரைவர் ஃப்ளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டி சீட்டுக்கு அடியில் போட்டிருக்கிறார்.

அடுத்த கூட்டத்துக்கு அண்ணாச்சியையும் வரச் சொன்னார்கள். தலைவர் மைக்கில் சொன்னார்: "இவரு மாட்டுன ஃபேன நம்பி என் இன்ஜினே போச்சு. இனிமே யாரும் இவருகிட்ட வண்டிய விடாதிய."

அண்ணாச்சி எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார். "தலைவரே, முன்னால ஏதாச்சும் மறைச்சிருந்துச்சா?"

"ஒரு மாலகூடக் கிடையாது."

அண்ணாச்சி நம்பிவிட்டார். "அப்ப தப்பு என் வேலையிலதான் இருக்கு. கண்டுபிடிச்சுச் சொல்லுதேன்" என்று இறங்கிப் போனார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். லோடுக்கு யார் வண்டி முதலில் போகும் என்பதைத் தலைவர்தான் முடிவு செய்வார். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஷெட்டுக்கு ஒரு வண்டியும் வரவில்லை. அண்ணாச்சி தலைவர் வண்டியிலிருந்து அந்த இரண்டு ஃபேன்களைக் கழற்றி வந்து மேஜையில் மாட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டிப் பார்த்தார். ஒயரை மாற்றினார். சூடு பார்க்கிற சுவிட்சைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தார். எல்லாம் ஒழுங்காக ஓடியது. இல்லாத தப்பை ஒருவர் மூன்று மாதம் தேடினார். ஆள் பாதியானார்.

ஒரு நாள், என் வண்டியிலிருந்து முன்பு கழற்றிய பழைய இரும்பு ஃபேனைத் தோளில் சுமந்துகொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஓம் வண்டியில உள்ளதக் கழட்டிருவோம்டே. பழசையே மாட்டிருதேன். நீயும் மலையில நின்னேன்னா நான் தாங்க மாட்டேன்."

அப்போதுதான் சொன்னேன். ஃப்ளெக்ஸ், பங்க், பிடித்த முனை, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் இரும்பு ஃபேனைக் கீழே வைத்தார்.

"மூஞ்சி எம்புட்டுப் பெரிசு?"

"இம்புட்டு இருக்கும் அண்ணாச்சி." கையை விரித்துக் காட்டினேன்.

"காதோட சேத்தா, காது இல்லாமலா?"

"காதோட."

"கும்பிட்ட கை எங்க வருது?"

"அடியில, பம்பர் கம்பி வரைக்கும்."

கண்ணை மூடி மனதுக்குள் அளந்தார். "அப்ப முக்கால் பங்கு மறைஞ்சிருக்கு. முக்கால் பங்கு மறைச்சும் மல பாதி வரைக்கும் ஏறியிருக்குல்லா?" என்றார். மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "செத்த முன்னால சொல்லியிருக்கலாம்டே."

இரும்பு ஃபேனை மறுபடி தூக்கித் தோளில் வைத்தார்.

"சங்கத்துல சொல்லுவியா?"

"சொல்லுதேன் அண்ணாச்சி."

சங்கம் கூடியது. சொல்லவில்லை. மறுநாள் ஷெட்டில் கேட்டார், "சொன்னியா?" கூட்டம் தள்ளிப்போய்விட்டது என்றேன். தலைவர் ஒரு பொய், நான் ஒரு பொய். "சரி, அடுத்ததுல சொல்லு. அவசரமில்ல" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தாண்டவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "தம்பி, அவிய வேலையில தப்பு இல்லன்னு நீங்க சொன்னியளாம். எங்கிட்டச் சொன்னாவ. பொறவு ஏன் ஊருல இன்னும் அப்படிப் பேசுதாவ?"

"நான் யார்ட்டயும் சொல்லல மதினி" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அண்ணாச்சி மாட்டிய ஃபேன் இன்றும் என் வண்டியில் ஓடுகிறது. நேற்றும் தேங்காய் லோடோடு மலை ஏறினேன். சூட்டு முள் நடுவிலேயே நின்றது. மேலே போய் வண்டியை ஓரம் கட்டி, யாரும் இல்லாத இடத்தில் "ஏறிட்டேன் அண்ணாச்சி" என்று சத்தமாகச் சொன்னேன். பைத்தியக்காரத்தனம்தான். ஒவ்வொரு லோடுக்கும் சொல்கிறேன்.

தலைவரே, இனி என் வண்டிக்கு லோடு கொடுங்கள், கொடுக்காமல் போங்கள். அடுத்த கூட்டத்துக்கு மதினியைக் கூட்டி வருகிறேன். முன் வரிசையில் உட்காருவார். நான் பக்கத்தில் நின்று, எந்த முனையைப் பிடித்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் அதே மைக்கில், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: அன்று வண்டிக்கு முன்னால் எதைக் கட்டியிருந்தீர்கள்?