சுல்தானுக்குக் கௌரவக் கருத்தடை

உலகில் எத்தனையோ நகரங்கள் நாய்களுக்குக் கருத்தடை செய்து பெயர் வாங்கியிருக்கின்றன. செய்யாமலேயே செய்து முடித்த முதல் நகரம் என்ற பெருமை எங்கள் பொரும்பாருவுக்கே உரியது. ருமேனியாவில் மலைக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, எங்களுக்கு ஈடு கிடையாது. நகராட்சியின் கடிதங்களை எழுதுகிறவன் என்ற முறையில், நடந்ததை வரிசை மாறாமல் சொல்வது என் கடமை.

முதலில் துறை. ‘விலங்குகள் கருத்தடை மற்றும் முன்தடுப்புப் பராமரிப்புத் துறை’ தொடங்கப்பட்ட அன்றே, வேலை இல்லாமல் வீட்டில் இருந்த பலருக்கு விடிவு பிறந்தது. மேயரின் அக்கா மகன் ‘காது வில்லை ஒருங்கிணைப்பாளர்’ ஆனான். துணை மேயரின் மச்சினர் அவனைக் கண்காணிக்கும் இயக்குநர் ஆனார். நாய் வண்டிக்கு ஓட்டுநர், ஓட்டுநருக்கு உதவியாளர், வண்டி வந்து சேரும்வரை காத்திருக்க ஓர் ஆலோசகர் என்று எல்லோரும் அமர்த்தப்பட்டார்கள். இவ்வளவும் ஆன பிறகுதான், அறுவை செய்ய ஒருவர் வேண்டுமே என்பது நினைவுக்கு வந்தது.

அப்படி வந்தவர் டாக்டர் ஸ்மராந்தா. கூடப் படித்தவர்கள் எல்லாம் ஆஸ்திரியாவில் பூடில் நாய்களுக்குப் பல் தேய்த்துவிட்டு வசதியாக இருக்க, சொந்த ஊர் நாய்களோடுதான் இருப்பேன் என்று அடம்பிடித்த பெண். அவரை ஓராண்டுக்குத் தகுதிகாண் பருவத்தில் வைத்திருந்தார்கள். ஆண்டு முடிவில் மேயர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் ஆஸ்திரியா, பூடில், பல்.

வேலை என்னவோ எளியதுதான். நாயைப் பிடிக்க வேண்டும். கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, குடற்புழு மாத்திரை கொடுத்து, காதில் மஞ்சள் வில்லை குத்தி, பிடித்த தெருவிலேயே விட்டுவிட வேண்டும். காதில் வில்லை இருந்தால் அறுவை முடிந்தது என்று அர்த்தம். வேறு எங்கும் குனிந்து பார்க்கத் தேவையில்லை. நாகரிகமான ஏற்பாடு.

தேர்தல் நெருங்கியிருந்ததால் மேயர் ஒக்டாவியான் பர்லோக் ஒரு வரலாற்று முடிவை எடுத்தார். முதல் அறுவை அவருடைய சொந்த நாய்க்கே!

அந்த நாயின் பெயர் சுல்தான். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மறு காது மடிந்திருக்கும், இடது கண்ணைச் சுற்றி வெள்ளைத் திட்டு. தொகுதி மக்களை வீடு வீடாகச் சந்திப்பதில் எசமானரையே மிஞ்சியவன்.

விழா நாளில் மருத்துவமனை வாசலில் இறைச்சி உருண்டைகள் கரியடுப்பில் புகைந்தன. கடுகுச் சாந்தும் பிளம் சாராயமும் தயாராக இருந்தன. பாந்தெலிமோன் பாதிரியார் துளசிக் கொத்தால் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் புனித நீர் தெளித்தார். ரிப்பன் வெட்டப்பட்டது. வெட்ட வேண்டிய இன்னொன்றுதான் பாக்கி.

மேசைமேல் சுல்தானைப் படுக்க வைத்ததும் மேயரின் முகம் வெளுத்தது.

“என்னம்மா டாக்டர், கத்தியெல்லாம் வச்சிருக்கீங்க?”

“கருத்தடைன்னா கத்தி வேணுங்கய்யா.”

“ஊசி, மாத்திரைன்னு ஏதாவது கொடுத்து முடிச்சிரக் கூடாதா?”

“முடியாதுங்கய்யா. ரெண்டையும் எடுத்துரணும்.”

“ரெண்டுமா? ஒண்ணையாவது விட்டு வைம்மா!”

“ஒண்ணு இருந்தாலே அதுக்குப் போதுங்கய்யா.”

“அவன் ஆம்பளம்மா!”

“அதனாலதாங்கய்யா.”

மேயர் தன் கோட்டின் கீழ்ப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். நகர்மன்றத்து ஆண்கள் அனைவரும் கூரையைப் பார்த்தார்கள். வெளியே கூட்டம் கைதட்டக் காத்திருந்தது. இந்த நெருக்கடியில்தான் மேயரின் மூளையில் அந்தச் சிந்தனை உதித்தது. அவர் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

“இங்க பாரும்மா. எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்தாங்க. நான் படிச்சேனா?”

“இல்லீங்கய்யா.”

“பரீட்சை எழுதினேனா?”

“இல்லீங்க.”

“அப்ப இவன் மட்டும் எதுக்கு அறுபடணும்? இவனுக்கும் கௌரவமா கொடுத்துருங்க!”

இப்படித்தான் ‘கௌரவக் கருத்தடை’ பிறந்தது. ஒருங்கிணைப்பாளர் சுல்தானின் நிமிர்ந்த காதில் வில்லையைக் குத்தினான். சுல்தான் ஊளையிட்டான். கூட்டம் அதை அறுவையின் வலி என்று எண்ணி உருகியது. டாக்டர் ஸ்மராந்தா மட்டும் கையுறையைக் கழற்றியபடி நின்றார்.

“ஐயா, இது கருத்தடை ஆகாது.”

“ஆண்டு முடிவு வரட்டும்மா. எது ஆகும், எது ஆகாதுன்னு அப்பப் பேசிக்கலாம்” என்றார் மேயர், அன்பாக.

நல்ல முன்மாதிரி பரவுவதற்கு அதிக காலம் பிடிக்காது. போலீஸ் தலைவர் கவ்ரிலா தன் வேட்டை நாய்க்குக் கௌரவம் கோரினார். பாதிரியார் தன் நாய்க்குக் கோரினார். தேவாலய மணி அடிக்கும்போது அதுவும் கூடவே ஊளையிடும் பக்திமான் என்பது அவர் காட்டிய தகுதி. ஆண் நாய் வைத்திருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் கௌரவம் பெற்றார்கள். பெட்டை நாய்களுக்கு மட்டும் யாரும் கௌரவம் கேட்கவில்லை. அவை ஒழுங்காக வரிசையில் வந்து அறுபட்டன. டாக்டர் ஸ்மராந்தா இரவல் விளக்கின் கீழ் இடுப்பு ஒடிய வேலை செய்தார். ஆனாலும் வண்டிக்குப் பிடிபடாத பெட்டைகள் ஆற்றோரத்தில் மிச்சம் இருந்தன. கௌரவர்களும் இருந்தார்கள்.

வசந்தம் வந்தது. குட்டிகளும் வந்தன. ஒவ்வொரு முற்றத்திலும், ஒவ்வொரு படிக்கட்டின் அடியிலும் குட்டிகள். ஒரு காது நிமிர்ந்தவை, மறு காது மடிந்தவை, இடது கண்ணைச் சுற்றி வெள்ளைத் திட்டு உள்ளவை.

மன்றம் கூடி ஆராய்ந்தது. சுல்தான் கருத்தடை ஆனவன். ஆகவே சுல்தான் காரணம் அல்ல. காற்றில் ஏதோ இருக்கலாம் என்று மேயர் சொன்னார். ஆண்டவனின் சாயல் எல்லா உயிரிலும் ஒன்றுதான் என்று பாதிரியார் சொன்னார். மாவட்டத் தலைநகரில் நடந்த மாநாட்டுக்கு, ‘பொரும்பாருவின் கருத்தடை வெற்றி’ என்ற தலைப்பில் உரையாற்ற மேயர் புறப்பட்டுப் போனார்.

அவர் கார் மறைந்த சற்று நேரத்தில், அவருடைய மனைவி வியோரிகா சுல்தானை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குள் நுழைந்தார்.

“டாக்டரு, இவனை அறுத்து விடு.”

“அம்மா, இவன் காதுல வில்லை இருக்கு.”

“காது கிடக்கட்டும்மா! வேலியைத் தாண்டிக் குதிச்சு, கடிபட்டு, சேறும் ரத்தமுமா வந்து என் கம்பளத்துல புரள்றான். போதாக்குறைக்கு என் வாசல்ல அட்டைப்பெட்டியில குட்டியைப் போட்டுட்டுப் போறாங்க. நேத்து சந்தையில தக்காளிக்காரி கேக்குறா, ‘மேயரம்மா, பேரப்புள்ளைங்க பால் குடிச்சாங்களா’ன்னு! ஊரே சிரிக்குது.”

ஸ்மராந்தா கதவைப் பார்த்தார். “ஐயா கையெழுத்துலதாம்மா என் வேலை நிக்குது.”

“அவர் கையெழுத்துல எங்க வீட்டுக் கோழிக்கூடுகூட நிக்கலைம்மா. நீ எதுக்குப் படிச்சே, பல் தேய்க்கவா?”

டாக்டர் கதவைத் தாழிட்டார். பிறகு கையைக் கழுவத் தொடங்கினார். வியோரிகா அம்மையார் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டார். பொரும்பாருவின் பெரிய மனிதர் வீட்டு ஆண் நாய் ஒன்று, வரலாற்றில் முதல் முறையாகக் கௌரவம் இல்லாமல் கருத்தடை செய்யப்பட்டது.

மாநாட்டில் கேடயம் வாங்கிக்கொண்டு திரும்பிய மேயரை, புண்ணை நக்காதபடி கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு சுல்தான் வரவேற்றான். மறுநாளே ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. மேயர், போலீஸ் தலைவர், பாதிரியார் ஆகிய மூவர். குற்றச்சாட்டை எழுதியவன் நான்: ‘ஏற்கெனவே கருத்தடை செய்யப்பட்ட நாய்க்கு மீண்டும் கருத்தடை செய்து பொதுச் சொத்தை வீணாக்கியது.’ குற்றம் நிரூபணமானால் பணிநீக்கம்.

போலீஸ் தலைவர் விசாரித்தார். “காதுல வில்லை இருந்ததைப் பார்க்கலையா?”

“பார்த்தேங்கய்யா.”

“அப்புறம்?”

“அந்தப் பக்கமும் பார்த்தேங்கய்யா.”

“அங்க என்னம்மா இருக்கும்? ஒண்ணும் இருக்கக் கூடாதே!”

“இருந்துச்சுங்கய்யா. ரெண்டும்.”

“அது எப்படிம்மா?” பாதிரியார் கொதித்தார். “நானே புனித நீர் தெளிச்சேனே!”

டாக்டர் ஸ்மராந்தா கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். தெளிந்த திரவத்தில் இரண்டும் அமைதியாக மிதந்தன. போலீஸ் தலைவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

“இது சுல்தானோடது இல்ல” என்றார் மேயர்.

பார்வையாளர் வரிசையில் வியோரிகா எழுந்தார். “ஏங்க, நான்தானே புடிச்சுக்கிட்டு நின்னேன்!”

“நீ சும்மா இரு. இது நிர்வாக விஷயம்.”

“அப்ப யாரோடதுங்கய்யா?” என்று கேட்டார் டாக்டர்.

மேயர் ஜாடியைச் சற்றுத் தள்ளி வைத்தார். சுல்தானுடையது என்றால் கௌரவம் போகும். அவனுடைய கௌரவம் போனால் வேட்டை நாயின் கௌரவமும், பக்த நாயின் கௌரவமும் கூடவே போகும். சுல்தானுடையது இல்லை என்றால், பிறகு யாருடையது? குழு என்னைப் பார்த்தது. கடிதம் எழுதுகிறவன் இருப்பதே இதற்குத்தான். நான் ஒரு தீர்மானம் எழுதினேன், ஏகமனதாக நிறைவேறியது.

அதன்படி ஜாடியில் உள்ளவை ‘நகராட்சி எல்லைக்குள் கண்டெடுக்கப்பட்ட, உரிமையாளர் தெரியாத பொருள்’. உரிமையாளர் நேரில் வந்து அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளும்வரை விசாரணையை முடிக்க இயலாது. விசாரணை முடியாமல் அலுவலரை நீக்கவும் விதியில்லை. ஆக, டாக்டர் ஸ்மராந்தா நிரந்தரமாக்கப்படவில்லை. நிரந்தரமாக நிலுவையில் வைக்கப்பட்டிருக்கிறார். ஆஸ்திரியாவின் பூடில்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது கணவன்மார் வேட்டைக்கோ மாநாட்டுக்கோ போகும் நாள் பார்த்து, ஊர்ப் பெண்கள் கௌரவ நாய்களை இழுத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். போலீஸ் தலைவரின் மனைவிதான் முதலில் வந்தவர். ஒவ்வொரு அறுவைக்கும் ஒரு ஜாடி முறைப்படி நகராட்சிக்கு வந்து சேர்கிறது. தொலைந்த பொருட்கள் அலமாரியில், ஒற்றைக் கையுறைக்கும் யாரோ மறந்துவிட்ட குடைக்கும் நடுவில் அவற்றை வரிசையாக அடுக்கியிருக்கிறேன். மன்ற உறுப்பினர்கள் தினமும் கடந்து போகும் இடம். மேலே என் கையெழுத்தில் அறிவிப்பும் தெளிவாக இருக்கிறது: ‘தொலைத்தவர்கள் வந்து பெற்றுக்கொள்ளலாம்.’

இன்றுவரை எங்கள் நகர்மன்றத்திலிருந்து ஒருவரும் வந்து கேட்கவில்லை. தங்களிடம் அது இல்லை என்பதே அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை போலும்.