கோவிந்தப்பன் மலையேறத் தயாராகிறான்

செய்தி வந்தபோது தொழிற்சாலையில் காலை ஆறு மணிச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த கோவிந்தப்பனிடம், காலை ஷிஃப்டுக்கு உள்ளே போன சாந்தம்மா நடையை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனாள்: "வெள்ளிக்கிழமை சூளகிரியிலருந்து என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க."

வேறொருவனாக இருந்தால் அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறியிருப்பான். ஓசூரிலிருந்து எல்லை தாண்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கோவிந்தப்பன் என்ன செய்தான் தெரியுமா? வீட்டுக்குப் போய் பூட்ஸுக்கு விளக்கெண்ணெய் தடவினான்.

இந்த இனத்துக்கு ஆயத்தக்காரர் என்று பெயர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்து நிற்கிறவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் வெறும் பயந்தாங்கொள்ளி. ஆயத்தக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கே வரமாட்டார். வீட்டில் தண்ணீர் கூஜாவுக்குச் சரியான மூடி தேடிக்கொண்டிருப்பார். "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பார். அந்த ஒன்று கிடைத்ததும் அதற்கு ஓர் உறை தேடுவார்.

கோவிந்தப்பனும் சாந்தம்மாவும் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்வதென்று தீர்மானித்தது போன தீபாவளிக்கு. காரணம் சாந்தம்மாவின் அப்பா வெங்கடசாமி. பாகலூர் ரோட்டில் முட்டைக்கோஸ் விளைவிக்கிறவர். நிலத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் முளைக்க முளைக்க அவருக்கு வயிறு எரிந்தது; மகள் அங்கிருந்து கொண்டுவரும் சம்பளம் மட்டும் எரிக்கவில்லை. "பேண்ட் போட்டவனுக்கு யூனியன்தான் சாமி. அவன் வீட்டுக்கா என் பொண்ணைக் குடுப்பேன்?" என்று ஊரறியச் சொல்லிவிட்டார்.

சரி, ஓடுவது எங்கே? பெங்களூர் என்றால் முட்டைக்கோஸ் லாரியிலேயே வந்து பிடித்துவிடுவார். மைசூரில் அவர் தம்பி இருக்கிறார். ஆகவே கோவிந்தப்பன் கேதார்நாத் என்று முடிவு செய்தான்.

"பதினோராயிரம் அடிக்கு மேல, சாந்தா. உங்கப்பாவுக்கு ஆஸ்துமா வேற. பாதி மலைக்கு மேல துரத்த முடியாது."

சாந்தம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, பாவம், அவளும் பச்சைக் கம்பளி நூல் வாங்கி அவனுக்கு ஒரு குல்லா பின்ன ஆரம்பித்தாள். காது மூடுகிற மாதிரி.

அப்புறம் தொடங்கியது ஆயத்தம். பெங்களூர் சிவாஜி நகர் பழைய சாமான் கடையில் பட்டாளத்து முதுகுப்பை வாங்கி, அதில் கல்லை நிரப்பி, விடிகாலையில் ஓசூர் மலைக்கோயில் படிகளில் ஏறி இறங்கினான். இரவு ஷிஃப்ட் வாரமானால் வேலை முடிந்த கையோடு ஏறினான். பூட்ஸ் குதிகாலைக் கடித்ததால் அது பதப்படும் வரை வெறுங்காலோடு ஏறினான். இமயக் குளிர் பழகட்டும் என்று மார்கழியில் பச்சைத் தண்ணீரில் முழுகி ஈர வேட்டியோடு ஏறினான். உச்சியில் காற்று குறைவு என்பதால் ஒரு பக்க மூக்கை அடைத்துக்கொண்டு ஏறினான். மூச்சு முட்டினால் முகர்வதற்குப் பச்சைக் கற்பூரம் கட்டிவைத்துக்கொண்டு, போகும் வழியெல்லாம் மணக்க மணக்க ஏறினான். புறப்படத்தான் இல்லை. சித்திரை வரை கேதார்நாத்தில் பனி, நடை சாத்தியிருக்கிறது என்று தெரிந்தபோது அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும்!

பெண் பார்க்க வரும் செய்தி கேட்ட மறுநாளும் ஏறினான். நேரம் குறைவாயிற்றே என்று கூடுதலாக இரண்டு கல்லைப் போட்டுக்கொண்டு ஏறினான். இறங்கி வந்தபோது அடிவாரத்தில் ஒருவர் வழிமறித்தார். வெங்கடசாமி! ஆஸ்துமாவால் படியேற முடியாமல், சந்தைக்கு வரும் நாளெல்லாம் கீழே உட்கார்ந்தே சாமி கும்பிட்டுப் போகிறவர் அவர் என்பது இவனுக்கு எப்படித் தெரியும்?

"என்ன வேண்டுதல் தம்பி?"

கோவிந்தப்பனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கையால் மலையைக் காட்டினான்.

"பார்த்தியா, மௌன விரதம்!" என்றார் வெங்கடசாமி, டீக்கடை முனிசாமியிடம்.

"கார்த்திகையிலருந்து கல்லு சுமக்கறான்ங்க. மழைன்னு இல்ல, பனின்னு இல்ல. ஃபேக்டரிப் பையன்."

"ஃபேக்டரியா! பேண்ட் போடறவனா?"

"மலைக்கு வர்றப்ப வேட்டிதான்ங்க."

வெங்கடசாமி கற்பூர வாசனையை நெஞ்சு நிறைய இழுத்தார். அன்று மாலையே மனைவி கெம்பம்மாவோடு தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு கோவிந்தப்பன் வீட்டுக்குப் போனார். சூளகிரிக்காரர்களுக்கு வரவேண்டாம் என்று ஆள் போயிற்று.

மறுநாள் காலை கேட்டில் சாந்தம்மா ஓடிவந்தாள். "அப்பாவே ஒத்துக்கிட்டாரு! இனி எங்கேயும் ஓட வேணாம்!"

கோவிந்தப்பன் முகம் தொங்கிப்போனது. "அப்போ கேதார்நாத்?"

"என்னது?"

"இல்ல சாந்தா... பூட்ஸ் இப்பத்தான் பதமாகுது. மூச்சும் இப்பத்தான் கைக்கு வருது. சித்திரையில நடை திறந்துடும். அதுவரைக்கும் அப்பாகிட்ட டைம் கேளேன், எதுக்கும் இருக்கட்டும்."

"மலை ஏறுறீங்களா, மணவறை ஏறுறீங்களா? இப்பவே சொல்லுங்க. சூளகிரிக்கு இன்னொரு ஆள் அனுப்ப எங்கப்பாவுக்கு நேரம் ஆவாது."

சங்கு ஊதியது. அவள் திரும்பி நடந்தாள். ஆயத்தக்காரர் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒருவர் எந்த ஆயத்தமும் இல்லாமல் வாய் திறந்தார்.

"மணவறை! மணவறை, சாந்தா!"

கல்யாணம் அதே மலைக்கோயிலில் நடந்தது. வேண்டுதலை அரைகுறையாக விடக் கூடாது என்று மாமனார் பிடிவாதம் பிடித்ததால், மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு கல்மூட்டை சுமந்துதான் மேலே போனார். மாமனார் அதோடு விட்டாரா? வருஷா வருஷம் கார்த்திகை பிறந்தால், "கல்லு எடுத்தாச்சா மாப்ளே?" என்று ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பரணில், பிரிக்காத அட்டைப்பெட்டியில், நல்ல நாள் பார்த்துத் தொடங்கலாம் என்று எதை எடுத்துவைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. யாருக்கு என்ன சொல்வதற்கு இன்னும் சரியான வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை.

கோவிந்தப்பன் கடைசிவரை கேதார்நாத் பார்க்கவில்லை. பச்சைக் குல்லா சாந்தம்மாவின் பீரோவில் ஊசியோடு இருக்கிறது. இடது காது இன்னும் பின்னவில்லை.