நோங் கயென் மருத்துவமனை பெயர் பெற்ற வரலாறு

உலகில் மற்ற மருத்துவமனைகள் மருந்தால் வளர்ந்திருக்கலாம். நோங் கயென் சமுதாய மருத்துவமனை பெயர்களால் வளர்ந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் அது நெல்வயல் நடுவே ஒரு தகரக் கொட்டகை. ஒரு கட்டில், ஒரு அயோடின் புட்டி, லம்துவான் என்று ஒரு நர்ஸ். லம்துவானை மட்டும் வளர்ச்சி தீண்டவில்லை. மற்றபடி இன்று ஐந்து கட்டடங்கள். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் மூன்று கொடையாளிகளின் பெயர். சுவிட்சைப் போட்டால் மூவரும் ஒருவராகிவிடுவார்கள். மூத்திரச் சட்டியில்கூடக் காலஞ்சென்ற ஒரு மாமியாரின் பெயர் உண்டு. மருமகள் "மனமுவந்து" அளித்தது.

இத்தனையும் எழுதியவன் புன்லாய். வயல்வேலை இல்லாத நாளில் தூரிகை பிடிப்பான். ஒருநாள் லம்துவானிடம் கேட்டான்:

"அக்கா, ஊர்ப் பேரெல்லாம் எழுதுறேன். என் பேருக்கு ஒரு மூலை கிடையாதா?"

"குடுத்துட்டு எழுதிக்கோ. உன்கிட்ட என்னடா இருக்கு?"

"ஒரு எருமை. அதுவும் கிழடு."

மழைக்கு முன் வளர்ச்சிக் குழு கூடியது. தலைவர், அரிசி ஆலை முதலாளி சங்குவான். கிளையெல்லாம் நோட்டு செருகி, மேளத்தோடு ஊர் சுற்றி வந்த பணமரம் அந்த ஆண்டு நன்றாகக் காய்த்திருந்தது.

லம்துவான் எழுந்தாள். "முதலாளி, நாகப்பாம்புக் கடிக்கு விஷமுறி தீர்ந்துபோச்சு. மேலிடத்துல கேட்டா 'வரும், வரும்'ங்கறாங்க. நடவு தொடங்கப்போகுது. கொஞ்சம் வாங்கி வச்சுடலாம்."

சங்குவான் ஆழ்ந்து யோசித்தார். "குப்பி எவ்வளவு பெரிசு?"

அவள் கட்டைவிரலைக் காட்டினாள்.

"இதுல பேரை எங்கம்மா எழுதறது?"

"பேரு எதுக்கு? பிழைச்சவன் ஊரெல்லாம் சொல்லுவானே."

"பிழைச்சவன் வயலுக்குப் போயிடுவான். சுவரு எங்கேயும் போகாது."

குழு மேசையைத் தட்டி இந்தத் தத்துவத்தை ஏற்றது. "நோயாளிகளின் மனோபலம் கருதி" வாசலில் ஏழுதலை நாக வளைவு கட்டத் தீர்மானம். தலைக்கு ஒரு கொடையாளி. நடுத்தலை சங்குவானுக்கு.

"பாம்புக்கு மருந்து கேட்டேன். பாம்பையே குடுத்துட்டீங்க" என்றாள் லம்துவான். குழு அதை நன்றியுரையாகக் குறித்துக்கொண்டது.

ஏழு பெயரையும் தங்க வண்ணத்தில் எழுதி முடித்த மறுநாள், நாற்றுப் பிடுங்கும்போது புன்லாயை நாகம் கடித்தது. மனைவி அவனை உழவு வண்டியில் போட்டு ஓட்டிவந்தாள். வளைவின் அடியில் நுழைந்தான். பெயருள்ள சக்கர நாற்காலியில் ஏறினான். பெயருள்ள கட்டிலில் படுத்தான். மேலே பெயருள்ள விசிறி சுழன்றது. எல்லாம் அவன் கையெழுத்துதான். இமைகள் சரியத் தொடங்கின.

"அக்கா... ஊசி?"

லம்துவான் ஆம்புலன்ஸ் ஓட்டுநரைக் கூவி அழைத்தாள்.

மாகாண மருத்துவமனை அறுபது கிலோமீட்டர். பதினாறு பெயர் எழுதிய ஆம்புலன்ஸ் பறந்தது. லம்துவான் அவன் முகத்தில் பொருத்திய மூச்சுப்பையை அழுத்திக்கொண்டே போனாள். நாற்பதாவது கிலோமீட்டரில் அழுத்துவதை நிறுத்தினாள்.

சங்குவான் ஆளுயர மலர்வளையம் அனுப்பினார். அதில் செத்தவன் பெயர் இல்லை. அனுப்பியவர் பெயர் இருந்தது.

லம்துவான் மரணப் பதிவேட்டைத் திறந்தாள். எதுவும் கொடுக்காமல் அந்த மருத்துவமனையில் பெயர் எழுதப்பெற்ற பெருமை புன்லாய் ஒருவனுக்கே. நிறுத்தி நிதானமாக, அவனைப் போலவே அழகாக எழுதினாள். அடுத்த கட்டத்தில் மரணக் காரணம் கேட்டிருந்தது. அதையும் நிரப்பினாள்:

"குப்பி சிறியது. பெயர் எழுத இடமில்லை."