தேநீர் குடிக்காத ஒரே மனிதர்

தேநீர் உடம்புக்கு நல்லதா கெட்டதா என்பதை ஐயந்திரிபற ஆராய்ந்து அறிவிக்கும்படி, மக்கள் நலத்தை முன்னிட்டு, தலைநகர் கிங்ஸ்டனில் ஓர் அரசுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் டாக்டர் லாசல்ஸ் பரோஸ். குழு எட்டு மாதம் கூடிக் கூடிக் கலைந்தபின், நோர்டியா என்ற இளம் ஆய்வாளரை எங்கள் மலையூருக்கு அனுப்பியது. தேநீர் குடிப்பவர் இருபது பேர், குடிக்காதவர் இருபது பேர் வேண்டும்.

அவள் முதலில் போனது சாலையோரத்தில் மீன் டீ விற்கும் ஐசில்டாவிடம்.

"டீ குடிப்பீங்களா, மிஸ் ஐசில்டா?"

"குடிக்காம? காலையில கோக்கோ டீ. வயிறு சரியில்லேன்னா இஞ்சி டீ. சனிக்கிழமை மீன் டீ. காப்பி கெடச்சா காப்பி டீ."

"மீன் டீயையும் எழுதணுமா?"

"தலையோட போட்டுக் கொதிக்க வைக்கிறேன் கண்ணு. எழுதலேன்னா மீன் கோவிச்சுக்கும்."

நோர்டியா தலைவருக்குப் போன் செய்தாள். "சார், இங்க சூடா இருக்கிற எல்லாமே டீதான்."

"படிவத்துல 'டீ'ன்னுதானே இருக்கு? அவங்களும் 'டீ'ன்னுதானே சொல்றாங்க? அப்புறம் என்ன, டிக் போடும்மா!"

குடிப்பவர் இருபது பேர் பத்து நிமிடத்தில் கிடைத்தார்கள். குடிக்காதவரைத் தேடி மூன்று நாள் மலை ஏறி இறங்கினாள். கடைசியில் கிடைத்தது ஒரே ஒருவர், எசேக்கியேல் டல்லாக். வயது எண்பத்து மூன்று. சின்ன வயதில் நாக்கைச் சுட்டுக்கொண்டதிலிருந்து சூடான எதையும் தொடாதவர். இளநீர், ரம், அவ்வளவுதான். குழு மகிழ்ந்து அவரை 'ஒப்பீட்டுக் குழு' என்று பிரகடனம் செய்தது. ஆறு மாதம் அவர் வாயில் சூடாக எதுவும் படக்கூடாது, நோர்டியா காவல் இருக்க வேண்டும் என்று முத்திரையோடு உத்தரவு வந்தது.

அக்டோபர் மழையில் ஒப்பீட்டுக் குழு நனைந்துவிட்டது. காய்ச்சல், இருமல். கிழவர் கிடுகிடுவென்று நடுங்கினார். ஐசில்டா இஞ்சி டீயோடு வந்து நின்றாள்.

"தள்ளிக்கோ பொண்ணே."

"என் வேலை போயிடும், மிஸ் ஐசில்டா."

"அவர் உசுரு போனா நீ எதுல டிக் போடுவே?"

நோர்டியா மறுபடி போனை எடுத்தாள். "சார், ஒப்பீட்டுக் குழு இருமுது."

"எத்தனை சதவீதம்?"

"நூறு சதவீதம் சார்!"

"அருமை. அப்படியே தொடரட்டும்."

அவள் போனை வைத்தாள். கிழவரின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பிறகு கோப்பையைத் தானே வாங்கி, ஊதி ஊதி ஆற்றி, அவருக்குப் புகட்டினாள்.

மூன்றாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்தார். "அறுபது எழுபது வருஷமா இதை ஏன்டி எனக்கு ஒருத்தியும் சொல்லல?" என்று ஐசில்டாவை வைதுவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டார்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதி அனுப்பினாள் நோர்டியா. வேலை போகவில்லை, அந்த அறிக்கையை அங்கே யாரும் படித்ததாகத் தெரியவில்லை. புது அறிவிப்புதான் வந்தது: தேநீர் குடிக்காதவர்கள் நூறு சதவீதம் இருமுவதால், அவர்களுக்கு ஆளுக்கொரு கம்பளி, வாரம் ஒருமுறை வீட்டுக்கே டாக்டர்.

மறுநாள் காலை ஊரே வரிசையில் நின்றது. நூற்று நாற்பது பேரும் டீயை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை என்று பைபிள்மேல் கைவைத்துச் சொன்னோம். நான் ஏழாவது ஆள். நோர்டியா எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்; எல்லோருக்கும் 'குடிக்காதவர்' என்று டிக் போட்டாள்.

தேநீர் என்றால் என்னவென்றே அறியாத ஊர் ஒன்று நாட்டில் இருப்பதைக் கண்டு குழு மிகவும் வருந்தியது. போன வாரம் கிங்ஸ்டனிலிருந்து ஒரு நிபுணர் வந்து, பள்ளிக்கூடத்தில் வைத்து எங்களுக்கு டீ போடக் கற்றுக்கொடுத்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு எல்லோரும் குறிப்பெடுத்தோம்.

ஐசில்டா மட்டும் கையைத் தூக்கினாள்.

"தண்ணி கொதிக்கணுமா, சார்?"