முதலாளியின் ஆள்காட்டி விரல்

பூட்டு, சாவி, நாய், நம்பிக்கை ஆகிய நான்கு பழைய ஏற்பாடுகளும் இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ராகுகாலம் முடிந்த கையோடு, மரக்காணம் உப்பளம் ஒன்றில் ரத்து செய்யப்பட்டன. அவற்றின் இடத்தில் தேவநாதன் முதலாளியின் வலது கை ஆள்காட்டி விரல் பதவி ஏற்றது.

விழா உப்பளத்து ஆபீஸ் கொட்டகையில் நடந்தது. பாண்டிச்சேரியில் வாங்கி வந்த லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டு, சூடம், எலுமிச்சம்பழம். எழுத்துக் கட்டைகளுக்குக் கீழே ஓரமாக நெல்மணி அகலத்தில் ஒரு பட்டை. அதன்மேல் முதலாளி விரலை இழுத்தால் திறக்கும். வேறு எவன் இழுத்தாலும் திறக்காது.

“பாஸ்வேர்டு திருட்டுப் போவும், மறந்து போவும். வெரல் போவுமா?” என்று முதலாளி சபையைக் கேட்டார்.

“அருவா இருந்தா போவும்” என்றார் குழந்தைசாமி.

குழந்தைசாமி அந்த உப்பளத்தில் தலை நரைக்கும்வரை உப்பு வாரியவர். பேங்க்கை நம்பமாட்டார், டிவியில் சொல்லும் மழையை நம்பமாட்டார், நல்ல காரியத்தில் வாயை மூடவும் மாட்டார்.

முதலாளி பெருந்தன்மையோடு சிரித்துவிட்டு, பாதுகாப்புச் சோதனைக்கு உத்தரவிட்டார். கணக்குப்பிள்ளை கலியமூர்த்தி முதலில் விரலை இழுத்தார். நீ அவர் இல்லை என்றது மிஷின். கைதட்டல். அடுத்தது குழந்தைசாமி.

“வெரல வையின்னு எழுதி வருதுப்பா. வையி.”

“வச்சினுதாங்க இருக்கேன்.”

“நல்லா அழுத்து.”

“இதுக்கு மேல அழுத்துனா மேசதான் ஒடையும்.”

பத்து விரலையும் மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தாயிற்று. உப்புத்தண்ணீர் தின்று, உப்பு வாரும் பலகையின் பிடி தேய்த்து, ரேகை என்று சொல்ல ஒரு கோடும் மிச்சமில்லை. கலியமூர்த்தியையாவது அந்நியன் என்று ஒத்துக்கொண்ட மிஷின், குழந்தைசாமியை ஆள் என்றே ஒத்துக்கொள்ளவில்லை.

முதலாளிக்கு ஞானம் பிறந்தது. “ஒனக்கு வெரலே இல்லன்னு மிஷினே சொல்லிட்டுது. ஒன்ன மாதிரி நம்பிக்கையான ஆளு கெடைக்குமா? இன்னியிலிருந்து நீதான் இதுக்குக் காவல். என் வெரலத் தவிர எவன் வெரலும் இதுமேல படக்கூடாது.”

இப்படியாக, ஆள் இல்லாத ஓர் ஆள் காவலுக்கு நியமிக்கப்பட்டார்.

விரலுக்கும் அன்றுமுதல் உரிய மரியாதைகள் செய்யப்பட்டன. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் பணி நடுவிரலுக்கு மாற்றப்பட்டது. ஊறுகாய் தடை. சோறு ஸ்பூனில். வறுத்த மீன் மட்டும் ஸ்பூனுக்குக் கட்டுப்படாததால் அதற்கு “சிறப்பு அனுமதி” வழங்கப்பட்டது. குடும்பமும் பாதுகாப்பு வளையத்துக்குள் வந்தது. மகள் நிவேதாவின் மெயிலுக்குப் பாஸ்வேர்டை மாற்றி, புதியதை மிஷின் மட்டும் அறியும்படி செய்து, அப்பாவின் விரலுக்குள் பூட்டினார்கள். வயசுப்பெண்ணின் மெயில் வெறுமனே திறந்து கிடக்கலாமா?

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் நிவேதா ஸ்கூட்டியில் பறந்து வந்தாள்.

“அப்பா, சென்னை கம்பெனியில வேல கெடச்சிருக்குது. மெயில் போட்டுட்டு போன்லயும் சொன்னாங்க. அஞ்சு மணிக்குள்ள வர்றேன்னு பதில் போடலன்னா அடுத்த ஆளக் கூப்புட்டுடுவாங்களாம். ஒரு தடவ வெரல வைப்பா.”

முதலாளி அப்போதுதான் வஞ்சிர வறுவலை முடித்திருந்தார். “சென்னையாவது கின்னையாவது! எவன் பித்தலாட்டக்காரனோ. படுத்து எந்திரிச்சிப் பாக்கலாம்.”

சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். அவர் படுத்தால் ஆறு மணி. நடுவில் எழுப்பியவனுக்கு மறுநாள் வேலை இல்லை என்பது அந்த உப்பளத்தின் எழுதாத சட்டம்.

நிவேதா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். உள்ளே குழந்தைசாமியின் காவலில் மிஷின் பத்திரமாக இருந்தது. திருடன் வரவில்லை, வேலைதான் வந்து வாசலில் நின்றது.

“தாத்தா, மணி நாலரை.”

“எழுப்ப முடியாது பாப்பா. சோத்துல மண்ணு விழும்.”

குழந்தைசாமி மிஷினைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். நாற்காலிக்கு வெளியே, ஆணியில் மாட்டிய சாவி போல, அந்த வலது கை தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏம் பாப்பா, இந்த மிஷினுக்கு மொதலாளி வேணுமா, வெரல் மட்டும் போதுமா?”

நிவேதா அழுகையை நிறுத்தினாள். “வெரல் போதும்.”

“அப்ப அந்தாளு தூங்கட்டும்.”

மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார். இன்டர்நெட்டுக்காக மாட்டியிருந்த டெலிபோன் ஒயர் பாம்பு போல் பின்னாலேயே வந்தது. தொங்கிய கையை உப்புக்கட்டியைத் தாங்குவதுபோல் தாங்கி, விரலைப் பட்டைமேல் இழுத்தார். மிஷின் மறுத்தது.

“என்னா இது, சொந்த எஜமானையே தெரியலியா?”

“மீன் எண்ண தாத்தா!”

தோள் துண்டால் அந்த விரலைக் குழந்தைக்கு மூக்குச் சிந்துவதுபோல் துடைத்தார். மறுபடி இழுத்தார். திறந்தது. முதலாளி சப்புக் கொட்டிவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தார். மணி ஐந்து அடிப்பதற்குள் நிவேதாவின் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது. குழந்தைசாமி தனக்கு இடப்பட்ட உத்தரவிலிருந்து இம்மியும் பிசகவில்லை: பட்டைமேல் பட்டது முதலாளியின் விரல் மட்டுமே.

ஆறு மணிக்கு முதலாளி எழுந்து, திங்கட்கிழமை மகள் வேலையில் சேரப்போகிறாள் என்ற செய்தியைக் கேட்டார். கொட்டகை அதிர்ந்தது.

“எவன்டா தொறந்தது? குழந்தைசாமி! எவன் செஞ்ச வேல இது?”

“ஒங்க வெரல்தாங்க தொறந்துச்சு. மிஷினையே கேட்டுப் பாருங்க.”

“நான் தூங்கினு இருந்தேன்யா!”

“அதுக்கென்னாங்க மொதலாளி. இத்தினி வருசமா என் கை வாருன உப்பெல்லாம் ஒங்க பேருலதான் லாரி ஏறுச்சு. எவன் கை செஞ்சதுன்னு ஒரு நாளும் நீங்க கேக்கல. இன்னிக்கி ஒங்க கை மொத மொதலா ஒரு வேல செஞ்சிருக்குது, அதுவும் நீங்க தூங்கசொல்ல. அதுக்குப் போயி எவன் செஞ்சான்னு கத்துறீங்களே!”